தீராத அடிவயிற்று நோவுக்குப் பிசியோதெரபி: திருகோணமலைப் பெண்களுக்கு எந்த வழி பொருந்தும்?

"ஸ்கேன் எல்லாம் நல்லா இருக்காம், நோ மட்டும் போகுதில்லை." எனக்கு வரும் கேள்விகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. வி.ஓ.ஜி. (மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர்) கிளினிக்குக்குப் போய், சிறுநீர் சோதித்து, ஸ்கேன் எடுத்து, சிலர் வயிற்றில் சிறு துளை வழியே கமரா விட்டுப் பார்க்கும் லப்பரஸ்கோப்பியும் செய்து முடித்தவர்கள். கடைசியில் யாரோ ஒருவர் "பிசியோ செய்து பாருங்கோ" என்று சொல்லியிருப்பார். அங்கேதான் தடுமாற்றம். பெரியாஸ்பத்திரியிலேயே காட்டுவதா, டவுனில் காசு கொடுத்துப் பார்ப்பதா, கொழும்புக்கு ஏறுவதா, போனில் வீடியோவில் செய்வதா, இல்லையென்றால் எண்ணெய் போட்டு உருவுகிற இடத்துக்கே போய்விடுவதா?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோவுக்கு ஒரு பெரிய இடத்தில் ஒரு பெரிய நாள் வைத்தியம் என்று எதுவும் கிடையாது. வாரக்கணக்காகத் தொடர வேண்டிய வேலை இது. ஆகவே தூரத்தில் இருப்பவரைச் சோதிப்பதற்கும் திட்டம் போடுவதற்கும், பக்கத்தில் இருப்பவரைத் தொடர்வதற்கும் வைத்துக்கொள்வதுதான் நம்மூர்ப் பெண்கள் பலருக்குச் சரிவரும். இதற்கு விலக்குகள் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

## இந்த ஒப்பீடு யாருக்கு, யாருக்கு இல்லை

தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புக்குள்ளே ஆறு மாதமோ அதற்கு மேலோ நோ இருக்கிறது. விட்டுவிட்டு வரலாம், விடாமலும் இருக்கலாம். மாதவிடாய் நாட்களில் கூடலாம், ஆனால் அந்த நாட்களோடு முடிந்துவிடுவதில்லை. இதைத்தான் நாள்பட்ட இடுப்பறை நோ என்கிறார்கள். பிரித்தானியாவில் வயது வந்த பெண்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இது உண்டு என்று அந்நாட்டு மகப்பேற்று மருத்துவர்களின் கல்லூரி சொல்கிறது. அபூர்வ வியாதி இல்லை. வெளியில் பேசப்படுவதில்லை, அவ்வளவுதான்.

காரணம் ஒன்றாகவும் இருக்கலாம், நான்கு சேர்ந்தும் இருக்கலாம். என்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வது), சத்திரசிகிச்சைக்குப் பிறகு உள்ளே ஒட்டிக்கொண்ட தழும்பு, சிறுநீர்ப்பை நோ, குடல் எரிச்சல், நாரியும் இடுப்பு மூட்டும், பழைய கிருமித்தொற்று. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் காரணத்தால் தொடங்கியிருந்தாலும் கடைசியில் வந்து சேர்ந்துகொள்ளும் தசை இறுக்கம்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பிசியோவைப் பற்றி யோசிக்க முன்னர் டொக்டரிடம் போங்கள்: மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம், உறவுக்குப் பிறகு இரத்தம், சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம், காரணமில்லாத மெலிவு, வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி, காய்ச்சலோடு வரும் நோ. நாள் தள்ளிப்போயிருக்கும்போது திடீரென்று கடும் நோ வந்தாலும், இரு தொடைக்கும் இடையில் மரத்துப்போய்ச் சிறுநீர் அடைபட்டாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 35 வயதைத் தாண்டியும் இன்னும் பாப் பரிசோதனை (கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனை) செய்யாதவர்கள், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று கேட்டு அதையும் முடித்துவிடுங்கள். அது இலவசம்.

## எதை வைத்து எடைபோடுவது

கை. முதல் அளவுகோல் இதுதான், மற்றவை எல்லாம் இதற்குப் பிறகு. இடுப்பெலும்பின் அடியில், முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, ஏணைச் சீலைபோல ஒரு தசைத்தட்டு கட்டியிருக்கிறது; இதுதான் இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாம் அதன் மேலேதான் இருக்கின்றன. எங்கேயாவது நீண்டகாலம் நொந்தால் உடம்பு தன்னையறியாமல் இந்தத் தசையை இறுக்கிப் பிடிக்கும். நோவின் மூலகாரணத்துக்கு மருந்து கொடுத்து அது அடங்கிய பிறகும் பிடித்த பிடி விடாமல் இருக்கலாம். ஸ்கேனில் இந்தப் பிடி பெரும்பாலும் தெரியாது. பழகிய விரலுக்குத் தெரியும்.

இணையத்தில் "இடுப்புத்தளப் பயிற்சி" என்று தேடினால் முதலில் வருவது கெகல் பயிற்சி, அதாவது சுருக்கிப் பிடித்து விடுவது. அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் ஆர்னல்ட் கெகல் 1948இல் அதை எழுதியது, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தசை தளர்ந்து சிறுநீர் கசியும் பெண்களுக்காக. இறுகிப்போன தசைக்கு மேலும் இறுக்கும் பயிற்சி கொடுத்தால் நோ கூடலாம். ஆகவே உங்கள் தசை தளர்ந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா என்று ஒருவர் சோதித்துச் சொல்லும் வரை கெகல் செய்யாதீர்கள். இந்தப் பந்தியை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

கை எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வட அமெரிக்காவில் சிறுநீர்ப்பை நோவும் இடுப்புத்தளத் தசை நோவும் உள்ள 81 பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு இடுப்புத்தளத் தசையை நேரடியாகத் தளர்த்தும் பிசியோ, மற்றதற்கு உடம்பு முழுக்கப் பொதுவான மசாஜ். இரண்டும் ஒரு மணி நேரம், பத்துத் தடவை வரை. நல்ல முன்னேற்றம் என்று சொன்னவர்கள் முதல் பிரிவில் 59 வீதம், இரண்டாவதில் 26 வீதம். இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பொதுவாக உருவிவிட்டாலே கால்வாசிப் பேருக்குச் சுகம் தெரிகிறது. பயிற்சி பெற்ற கை என்றால் அது இரண்டு மடங்குக்கு மேல். பயிற்சி பெற்ற கையிலும் பத்தில் நான்கு பேருக்குப் பெரிய மாற்றம் இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. "பத்துத் தடவையில் நிச்சயம் சுகம்" என்று யாராவது உறுதி தந்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

தொடர்ச்சி. வாரம் ஒரு தடவை, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம், இடையில் வீட்டில் தினமும் பயிற்சி. வழமையான ஓட்டம் இதுதான். நான்காவது வாரம் விட்டுப்போகும் ஏற்பாடு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

மறைவும் சம்மதமும். பெண் பிசியோவா, கதவு பூட்டும் அறையா, திரை மட்டுமா? பலர் பயப்படுவது உட்பரிசோதனைக்கு. அதில் என்ன நடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததுதான் பயத்துக்குப் பாதிக் காரணம். முதலில் கதை கேட்பார்கள். பிறகு வயிறு, நாரி, இடுப்பு மூட்டு, தொடையின் உட்பக்கம், சிசேரியன் தழும்பு என்று வெளியிலிருந்து பார்ப்பார்கள். தேவைப்பட்டால், நீங்கள் சம்மதித்தால் மட்டும், கையுறை போட்ட ஒரு விரலால் உள்ளே தசையைத் தொட்டு, எந்த இடத்தில் பத்துக்கு எத்தனை நோ என்று கேட்பார்கள். நடுவில் "போதும்" என்றால் நிறுத்தவேண்டும். கூட ஒரு பெண் இருக்கவேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கலியாணம் ஆகாதவர்களுக்கு உட்பரிசோதனை இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அது இல்லாவிட்டால் வைத்தியமே இல்லை என்று சொல்பவரிடம் போகவேண்டாம்.

மொழி. "குத்துது", "உளையுது", "எரியுது", "இழுக்குது" எல்லாம் வேறு வேறு நோ, பிசியோவுக்கு அவை வேறு வேறு குறிப்பு. இவற்றைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லத் தெரியாதவர் "நோ" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டு வருவார்.

முழுச் செலவு. கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். போக்குவரத்து, கூட வருபவரின் சம்பள நாள், பிள்ளைகளைப் பார்க்க ஆள், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டி, அதை எத்தனை தடவை என்பதால் பெருக்குங்கள். இந்தப் பெருக்கலைச் செய்யாததால்தான் பலர் நடுவில் நிறுத்துகிறார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கைப் பயிற்சி | தொடர முடியுமா | மறைவு | மொழி | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| பெரியாஸ்பத்திரிப் பிசியோ | கேட்டுப் பார்க்கவேண்டும் | முடியும் | திரை அளவில் இருக்கலாம், தனியறை கேட்கலாம் | தமிழ் | காத்திருக்கும் காலைப்பொழுது, போன சம்பள நாள் |
| டவுனில் தனியார் | ஆளைப் பொறுத்தது | முடியும், காசு இருக்கும் வரை | நல்லது | தமிழ் | முற்பணப் பொதி, தேவையற்ற மெஷின் |
| கொழும்பு அல்லது கண்டி | கிடைக்க வாய்ப்பு அதிகம் | கடினம் | நல்லது | பெரும்பாலும் சிங்களம், ஆங்கிலம் | பயணம், துணை, தங்குமிடம், பயணத்தால் கூடும் நோ |
| வீடியோ | தொட முடியாது | மிக எளிது | வீட்டைப் பொறுத்தது | தமிழரைத் தெரிவு செய்யலாம் | தகுதி சரிபார்க்கும் வேலை |
| தொக்கணம் (சித்த மருத்துவ உருவல்), எண்ணெய் | வேறு மரபு | முடியும் | இடத்தைப் பொறுத்தது | தமிழ் | நோயறிதல் தள்ளிப்போவது |

## பெரியாஸ்பத்திரி

இலவசம் என்பதை விடப் பெரிய பலம் ஒன்று இங்கே இருக்கிறது. உங்கள் கிளினிக் கொப்பி, ஸ்கேன், வி.ஓ.ஜி. எல்லாம் ஒரே இடத்தில். பிசியோ சந்தேகப்பட்டால் அடுத்த கட்டடத்துக்கு அனுப்பிக் கேட்கலாம். வேறு எந்த வழியிலும் இந்த வசதி இல்லை.

பொது ஆஸ்பத்திரிப் பிசியோ பிரிவு என்றால் பக்கவாதம், எலும்பு முறிவு, நாரிப்பிடிப்பு, நெஞ்சுச் சளி என்று கூட்டம் இருக்கும். ஒரு ஆளுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. பெண்களின் இடுப்புத்தளம் பிசியோ படிப்புக்கு மேல் தனியாகப் பயில வேண்டிய துறை, எல்லாரும் பயின்றிருக்க மாட்டார்கள். ஆகவே கேட்கும் விதம் முக்கியம். வி.ஓ.ஜி. உங்களை அனுப்பும்போது வெறுமனே "பிசியோ" என்று எழுதாமல், இடுப்புத்தளத் தசையைச் சோதிக்கவும் என்று குறிப்பிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் நாளே பெண் பிசியோ வேண்டும், திரைக்குப் பதில் அறை இருந்தால் நல்லது என்று தயங்காமல் சொல்லுங்கள். கூட்டம் குறைவான நேரம் எது என்றும் கேட்டுவையுங்கள்.

உட்பக்கத் தசைக்குப் பயின்றவர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வெளியிலிருந்து செய்யக்கூடிய வேலை சிறிது அல்ல. சிசேரியன் தழும்பை அசைத்துத் தளர்த்துவது, தொடை உட்தசை, புட்டத்தின் ஆழ்தசை, நாரி ஆகியவற்றை இழுத்துவிடுவது, வயிற்று மூச்சு, தோலின் மேல் வைத்து மெல்லிய மின்துடிப்புக் கொடுக்கும் டென்ஸ். நாரியும் இடுப்பு மூட்டும் சேர்ந்த நோ என்றால் இங்கேயே சுகமாகிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. நாரிக்கு அல்லது அடிவயிற்றுக்கு ஆழமாகச் சூடு கொடுக்கும் மெஷினில் படுக்கச் சொன்னால், லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டிருக்கிறீர்களா, கர்ப்பம் தங்கியிருக்க வாய்ப்புண்டா என்பதை நீங்களாகவே முந்திச் சொல்லுங்கள். லூப்பில் செம்பு இருக்கிறது. உலோகம் உள்ள இடத்துக்கு அந்தச் சூடு ஆகாது. நெருக்கடியான காலையில் கேட்க மறந்துவிடலாம்.

கிண்ணியா, மூதூர், கந்தளாயில் இருப்பவர்கள் முதல் சோதனையைத் திருகோணமலையில் முடித்துவிட்டு, தொடர்ச்சிக்கு உங்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கு எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு பாதைக்கு (ஆட்களையும் வாகனங்களையும் கடத்தும் படகுக்கு) காத்து நிற்கும் வேலை இல்லைத்தான். ஆனாலும் பஸ்ஸில் வந்து, காத்திருந்து, திரும்பிப் போக அரை நாளுக்கு மேல் போய்விடும். பன்னிரண்டு வாரம் என்று கணக்குப் போட்டால் அது சின்ன விசயமில்லை.

எப்போது இதுவே நல்லது: கையில் காசு இறுக்கம், என்டோமெட்ரியோசிஸ் போன்றவற்றுக்கு மருந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது, நாரியும் தழும்பும் முக்கியப் பிரச்சினை, உட்பரிசோதனை வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள்.

## டவுனில் தனியார் பிசியோ

பின்னேரம் போகலாம், ஒவ்வொரு முறையும் அதே ஆள், காத்திருப்புக் குறைவு. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்த மூன்றும் பெரிய விசயம். சிலர் வீட்டுக்கும் வருவார்கள்.

ஆனால் இங்கே காசு எங்கே போகிறது என்று கவனிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் இருபத்தைந்து நிமிடம் மெஷினில் படுத்துக் கிடந்துவிட்டு ஐந்து நிமிடம் கை வைத்தால், நீங்கள் மின்சாரத்துக்குக் காசு கட்டுகிறீர்கள். இந்த நோவுக்கு முதல் சந்திப்பே முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுக்கும், அதில் பாதி கதை கேட்பதிலேயே போகும். மாதவிடாய், பிள்ளைப்பேறு, சிறுநீர், மலம், தாம்பத்தியம், நித்திரை, மனப்பாரம் எதையும் கேட்காமல் "எங்கே நோகுது, படுங்கோ" என்று தொடங்குபவர் இந்த வேலைக்கு உரியவர் இல்லை. முதுகுக்கு அவர் கெட்டிக்காரராக இருக்கலாம், அது வேறு.

பத்துத் தடவைக்கு முற்பணம் கட்டினால் கழிவு என்பார்கள். மூன்று தடவை பார்த்துவிட்டுக் கட்டுங்கள். கழிவில் மிச்சம் பிடிப்பதைவிட, பொருந்தாத இடத்தில் பணம் மாட்டிக்கொள்வதால் போவது அதிகம். இலங்கையில் பிசியோதெரபிஸ்ட்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இலக்கம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

வீட்டுக்கு வருபவரைப் பற்றியும் ஒரு சொல். டவுனில் யார் எந்தக் கதவுக்குள் போகிறார்கள் என்பது பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், ஆகவே வீட்டில் வைத்துச் செய்வது மறைவு என்று நினைக்கிறோம். ஆனால் மாமியும் மச்சாளும் ஹோலில் இருக்க, அறைக்குள் தாம்பத்திய நோவைப் பற்றி எத்தனை பேரால் வாய் திறந்து பேச முடியும்? சிலருக்கு வீட்டைவிடக் கிளினிக்கே மறைவு.

எப்போது இதுவே நல்லது: பயின்ற ஒரு பெண் பிசியோ உண்மையாகவே கிடைத்துவிட்டார், மூன்று மாதச் செலவை முன்கூட்டிக் கணக்குப் பார்த்து ஒதுக்க முடிகிறது. அல்லது கொழும்பில் போட்ட திட்டத்தை இங்கே வாராவாரம் நடத்த ஒரு கை தேவைப்படுகிறது.

## கொழும்புக்கு ஏறுவது

பெண்களுக்கான பெரிய அரச ஆஸ்பத்திரிகளும், இந்தத் துறையைப் பயின்ற தனியார் பிசியோக்களும் தலைநகரில்தான் செறிந்திருக்கிறார்கள். கண்டியையும் விசாரியுங்கள். கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர் என்றால் கண்டி 180 அளவில்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி பட்டப்படிப்பு இருப்பதால் அந்தப் பக்கம் பயின்றவர்களும் உண்டு.

இந்த வழியின் பெரிய மறைசெலவு உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஆறேழு மணி நேரம் பஸ் இருக்கையில் ஒடுங்கி இருப்பது, இறுகிய இடுப்புத்தளத்துக்கு மிக மோசமான நிலைகளில் ஒன்று. நோ கூடிய நாளில் போய்ப் படுத்தால் பிசியோ பார்ப்பது உங்கள் வழமையான நோவை அல்ல, பயணத்தின் நோவை. அதனால் முடிந்தால் இரவு மெயில் ரயில். எழுந்து நடக்கலாம், நிற்கலாம், கழிப்பறை இருக்கிறது. அடிக்கடி சிறுநீர் போகவேண்டிய சிறுநீர்ப்பை நோக்காரருக்கு அது ஒன்றே போதுமான காரணம். பஸ்தான் கிடைக்கும் என்றால் இடைத்தரிப்பில் கட்டாயம் இறங்கி நடவுங்கள். தண்ணீர் குடிக்காமல் போவது பலருடைய உபாயம். செறிந்த சிறுநீர் எரிச்சலைக் கூட்டும் என்பதால் அதை நான் சொல்ல மாட்டேன். சந்திப்பைப் போய் இறங்கிய காலையிலேயே வைக்காமல் மத்தியானத்துக்குப் பிறகு வைத்தால் உடம்பு கொஞ்சம் ஆறும்.

அடுத்தது மொழி. தமிழ் பேசும் பிசியோவைச் சனல் பண்ணும்போதே கேளுங்கள். கிடைக்காவிட்டால், கூட வருபவர் மொழிபெயர்க்க வேண்டிவரும். கூட வருவது கணவரின் தம்பி என்றால் நீங்கள் சொல்லப்போவது என்ன? மொழிபெயர்க்க ஒரு பெண் வேண்டும், அவர் உங்கள் இரகசியம் காப்பவராகவும் இருக்கவேண்டும். இது கட்டணத்தைவிடக் கடினமான நிபந்தனை. போக முன்னரே, எங்கே, எப்போது, எப்படி நோகிறது என்பதை ஒரு தாளில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ யாரையாவது கொண்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வாராவாரம் கொழும்புக்குப் போவேன் என்று தொடங்காதீர்கள். முதலில் ஒரு முழுச் சோதனை, பிறகு நான்கு முதல் ஆறு வாரம் கழித்து ஒரு மறுபார்வை, இவ்வளவுக்குத் திட்டமிடுங்கள். திரும்பும்போது கையில் இருக்கவேண்டியது மருந்துச் சிட்டை அல்ல, எழுத்தில் ஒரு திட்டம்: எந்தத் தசை இறுகியிருக்கிறது, எந்தப் பயிற்சி எத்தனை தடவை, எதைச் செய்யவே கூடாது, ஊர்ப் பிசியோ என்ன செய்யவேண்டும். வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு கந்தளாய் தாண்டுவதற்குள் பாதி மறந்துபோகும்.

எப்போது இதுவே நல்லது: தாம்பத்தியம் முடியாத அளவுக்கு நோ, வால் எலும்பைச் சுற்றிய நோ, இருந்தால் எரிந்து நின்றால் குறையும் நோ, சத்திரசிகிச்சைக்குப் பிறகும் மாறாத நோ, இங்கே மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசைவில்லை. இவர்களுக்குப் பயின்ற கையின் ஒரு மணி நேரம், பயிலாத கையின் பத்து மணி நேரத்தைவிட மேல்.

## வீடியோவில்

தொடாமல் என்ன பிசியோ என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயம்தான். இறுகிய தசையை விரலால் விடுவிப்பது வீடியோவில் முடியாது. ஆனால் வைத்தியத்தின் பெரிய பகுதி தொடாமலே நடப்பது: நோ ஏன் நிலைத்துவிடுகிறது என்று விளங்கப்படுத்துவது, மூச்சு, நீட்டல் பயிற்சி, சிறுநீர்க் குறிப்பேட்டைப் பார்த்து இடைவெளியை மெல்ல நீட்டுவது, முக்காமல் மலம் கழிக்க இருக்கும் விதம், உறவில் நோ உள்ளவர்களுக்குப் படிப்படியான விரிப்பான் பயிற்சி (சிறிதிலிருந்து பெரிதாக, வழவழப்பான குழல்களை யோனிக்குள் வைத்துப் பழகுவது). கலியாணமாகாத பிள்ளைகளில் பலர் நேரில் சொல்லாததைத் திரையில் சொல்கிறார்கள்.

தமிழ் பேசும் பிசியோ சென்னையிலும் இருக்கலாம், இலண்டனிலும் இருக்கலாம். எந்த நாட்டில் பதிவு, எந்த இலக்கம் என்று கேட்டு அந்த நாட்டுப் பதிவேட்டில் பாருங்கள். அரைமணி நேரம் கதவு பூட்டிய அறை, அழாத பிள்ளை, அறுபடாத டேட்டா மூன்றும் ஒன்றாகக் கிடைப்பதும் ஒரு செலவுதான். இதற்குமேல் ஒரு கடும் விதி: அந்தரங்க இடத்தின் படமோ வீடியோவோ கேட்டால் அழைப்பை அப்போதே துண்டியுங்கள். இந்த வைத்தியத்துக்கு அப்படி ஒரு தேவையே இல்லை.

எப்போது இதுவே நல்லது: நேரில் ஒரு தடவை சோதித்தாயிற்று, இனித் தொடர்ச்சிதான். அல்லது கைக்குழந்தையோடு மூதூரிலோ வெருகல் பக்கமோ இருக்கிறீர்கள், வாராவாரம் வெளிக்கிட முடியாது.

## தொக்கணம், எண்ணெய், ஒத்தடம்

திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், ஊரில் அந்தக் கை உள்ளவர்களும் இருக்கிறார்கள். சூட்டு ஒத்தடத்தால் தசை தளர்வது உண்மை. கன்னியா வெந்நீரில் குளித்துவிட்டு உளைவு குறைந்தது என்று சொல்பவரை நான் மறுக்கப் போவதில்லை. மேலே சொன்ன ஆய்வில் பொது மசாஜுக்கே கால்வாசிப் பேர் சுகம் கண்டார்கள் என்பதை மறக்கவேண்டாம்.

ஆனால் இதைச் சோதனைக்குப் பதிலாக வைக்கக் கூடாது. கட்டியோ தொற்றோ இருக்கும் வயிற்றை அழுத்தி உருவுவது ஆபத்து. வி.ஓ.ஜி. பார்த்து ஒன்றுமில்லை என்ற பிறகு, பட்டம் பெற்றுப் பதிவான சித்த மருத்துவரிடம், பிசியோவோடு சேர்த்துச் செய்யலாம். உள்ளுக்குக் கொடுக்கும் பற்பம், செந்தூரம் எது என்றாலும் பெயரை உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

## நான் எப்படிச் சேர்ப்பேன்

பிள்ளைகளோடு கிண்ணியாவில், கணவர் வெளிநாட்டில், இரண்டாவது சிசேரியனுக்குப் பிறகு தழும்பும் நாரியும் நோ: பெரியாஸ்பத்திரியில் சோதனை, பக்கத்து ஆஸ்பத்திரியில் தொடர்ச்சி. கொழும்பு இப்போது வேண்டாம்.

இருபத்துநான்கு வயது, ஆசிரியை, கலியாணமாகவில்லை, என்டோமெட்ரியோசிஸ் என்று கண்டிருக்கிறார்கள்: வி.ஓ.ஜி. மருந்தை விடாமல், வெளிப்பக்கப் பிசியோவை ஊரில், மூச்சும் நீட்டலும் வீடியோவில். மருந்தா பிசியோவா என்ற கேள்வியே இங்கே பிழை, இரண்டும் வேண்டும்.

கலியாணமாகி இரண்டு வருடம், உறவே முடியவில்லை, வீட்டில் "இன்னும் விசேஷம் இல்லையா" என்ற கேள்வி: காசைச் சிதறடிக்காமல் நேரே கொழும்பு அல்லது கண்டி, பயின்ற பெண் பிசியோ, கணவரும் கூட. அதன்பிறகு வீடியோ. டவுனில் மெஷின் வைத்துப் பார்ப்பதில் கழியும் ஒவ்வொரு மாதமும் இவருக்கு நட்டம்.

எந்த வழியானாலும், முறை வரும்வரை இரவில் படுக்க முன் இதைச் செய்யலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இரண்டு பக்கமும் தலையணை வைத்துக் கால்களை விரித்துச் சாயவிடுங்கள். மூக்கால் மெதுவாக இழுக்கும்போது வயிறு எழும்பட்டும். உதரவிதானம் கீழிறங்கும்போது இடுப்புத்தளமும் கூடவே கீழே இறங்கி விரிகிறது. வாயால் விடும்போது எதையும் சுருக்காதீர்கள், அடிவயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். ஐந்து நிமிடம் போதும். நோ கூடினால் நிறுத்துங்கள். மலம் கழிக்கும்போது கொமட்டில் இருந்தால் காலுக்குக் கீழே ஒரு சிறு பலகை வைத்து முழங்காலை உயர்த்துங்கள். முக்குவது குறைந்தால் சிலருக்கு உளைவும் குறையும்.

## போனில் கேட்கவேண்டியவை

இடத்தைத் தெரிவு செய்யும் முன் ஒரு அழைப்பு எடுங்கள். இடுப்புத்தளத்துக்கென்று தனியாகப் பயின்றிருக்கிறீர்களா? முதல் சந்திப்பு எவ்வளவு நேரம்? இறுகிய தசைக்கு என்ன செய்வீர்கள்? (பதில் "கெகல்" என்று மட்டும் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.) உட்பரிசோதனை வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? அறையில் வேறு யார் இருப்பார்கள்?

தொடங்கிய பிறகு ஒரு கொப்பியில் நான்கு விசயங்களை மட்டும் கிழமைக்கு ஒருமுறை எழுதுங்கள்: நோ பத்துக்கு எத்தனை, நோ மருந்து எத்தனை குளிசை, இரவில் எத்தனை தடவை எழும்பினீர்கள், நோவால் எத்தனை வேலையைக் கைவிட்டீர்கள். முதலில் மாறுவது பெரும்பாலும் கடைசி இரண்டுதான், நோவின் எண் பிந்தித்தான் இறங்கும். ஆறாவது கிழமையில் நான்கில் ஒன்றுகூட அசையவில்லை என்றால் அந்தக் கொப்பியோடு வி.ஓ.ஜி.யிடம் திரும்பிப் போய், வழியை மாற்றுவதா, நோயறிதலையே மீண்டும் பார்ப்பதா என்று கேளுங்கள்.